வால்ஹெய்மை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறோம்: தாது வெட்டும் வேலையைக் குறைப்பதா, அப்படியே விடுவதா?

பாகான்_லுவார் (பட்டர்வொர்த்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் நாலு பேருக்குள் இரண்டு வாரமாகப் பேசியும் இதில் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

நாங்கள் ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். இப்போது நான் பட்டர்வொர்த்தில், ஒருவன் பாலத்துக்கு அந்தப் பக்கம் பாயான் லெப்பாசில் தொழிற்சாலை ஷிப்ட், ஒருவன் கோலாலம்பூரில், இன்னொருவன் சிங்கப்பூரில். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும்தான் நேரில் பார்த்துக்கொள்கிறோம். மற்றபடி சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஆன்லைனில்தான் சந்திப்பு. 2021 பிப்ரவரியில் வால்ஹெய்ம் (மரம் வெட்டி, தாது தோண்டி, வீடு கட்டி உயிர்பிழைக்கிற கணினி விளையாட்டு) வந்தபோது இங்கே நடமாட்டக் கட்டுப்பாடு, யாரும் எங்கேயும் போக முடியாது, அதனால் ராத்திரி ராத்திரியாக விளையாடி மலைப்பகுதியில் மோடர் என்ற பாஸ் (பெரிய எதிரி) வரைக்கும் வந்துவிட்டோம். அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தை என்று நின்றுபோனது. அந்த உலகம் என் பழைய கணினியில் இருந்தது. போன மாதம் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, வேறெங்கும் நகல் எடுத்து வைக்கவில்லை. அதனால் எல்லாம் முதலிலிருந்துதான்.

இப்போது சண்டை என்னவென்றால், கோலாலம்பூர்காரன் 2023-இல் வந்த அந்த உலக அமைப்புகளைப் பயன்படுத்தச் சொல்கிறான். வெட்டினால் கிடைக்கிற வளங்கள் மூன்று மடங்கு, போர்ட்டல் (ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவுகிற வாசல், வழக்கமாக உலோகத்தை விடாது) வழியாக உலோகமும் போகலாம் என்று இரண்டையும் திறந்துவிட வேண்டுமாம். "மச்சான், எனக்கு வாரத்துக்கு மூணு மணி நேரம்தான், அதைப் பாறை உடைக்கவா செலவழிப்பேன்" என்கிறான். பாயான் லெப்பாஸ்காரனோ எதையும் தொடக்கூடாது, தொட்டால் நான் வரவில்லை என்கிறான். சிங்கப்பூர்காரனுக்கு எதுவானாலும் சம்மதம்.

போன வாரம் நான் தனியாக ஒரு உலகம் தொடங்கிப் பார்த்தேன். ஐக்தியர் என்ற மான் பாஸை அடித்து, அதன் கொம்பில் பாறை வெட்டும் பிக்காக்ஸ் செய்து, கருங்காட்டுக்குள் போய் முதல் செம்புப் பாறையின் முன்னால் நின்றேன். வெட்டத் தொடங்கி ஒரு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், அதற்குள் சலித்துவிட்டது. தாது ஒன்றின் எடை 10, நாம் சுமக்க முடிந்தது மொத்தம் 300, அதிலும் உடுப்பும் ஆயுதமும் பாதியைத் தின்றுவிடும். வண்டியை இழுத்துக்கொண்டு போனால் வேர் தடுக்கி நிற்கும், நின்ற இடத்தில் கிரேட்வார்ஃப் கூட்டம் கல்லெறியும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்குத் தலை, மார்பு, கால் மூன்றுக்கும் ஐந்து ஐந்தாக 15 வெண்கலம், நாலு பேருக்கு 60. ஒரு வெண்கலத்துக்கு இரண்டு செம்பு ஒரு வெள்ளீயம் என்றால் 120 செம்பு, 60 வெள்ளீயம், இதை உருக்க 360 கரி. உலையில் ஒரு கட்டிக்கு 30 விநாடி. ஒரே உலை என்றால் ஒன்றரை மணி நேரம் அது பாட்டுக்கு ஓட வேண்டும். எங்கள் சனிக்கிழமையில் பாதி போய்விட்டது.

ஆனால் இதே விளையாட்டில் எனக்கு மறக்கவே முடியாத ஒரு ராத்திரியும் இருக்கிறது. சதுப்புநிலக் கல்லறைகளில் முதல் தடவை இரும்பு எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். பெரிய கப்பல் கட்டவே இரும்பு ஆணி வேண்டும் என்பதால் அப்போது கையிலிருந்தது சின்னப் படகு, அதில் நாலே நாலு கட்டம். ஒவ்வொன்றிலும் முப்பது முப்பதாக அடுக்கி, மிச்சத்தை ஆளுக்கு இவ்வளவு என்று தூக்கிக்கொண்டு ஏறினோம். நடுக்கடலில் காற்று எதிராகத் திரும்பிவிட்டது. பாய் வேலை செய்யாது, துடுப்புதான். மழை, இருட்டு. பக்கத்தில் ஒரு பச்சைத் தலை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழுந்தது. ஒருவன் துடுப்பு, இரண்டு பேர் வில், நான் படகை ரிப்பேர் செய்ய முடியாமல் கத்திக்கொண்டிருக்கிறேன். கரையைத் தொட்டபோது மணி 2:40. அதுவும் தாது சுமக்கிற வேலைதான். போர்ட்டலைத் திறந்துவிட்டால் அந்த ராத்திரி நடந்தே இருக்காது.

அப்படியென்றால் கிரைண்ட் (அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது) என்று நாம் திட்டுவது எதை? எதைக் குறைக்கலாம், எதைத் தொடக்கூடாது? இரண்டாவது தடவை விளையாடியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். வால்ஹெய்ம்தான் வேண்டும் என்றில்லை, இதே மாதிரி வேறு விளையாட்டு இரண்டாம் தடவைக்குத் தாங்கும் என்றாலும் சொல்லுங்கள்.

---

பத்துமலை_அடிவாரம் (கோலாலம்பூர்)

தம்பி, உங்கள் கோலாலம்பூர் நண்பன் நிலைமையில்தான் நானும் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள், அவர்கள் தூங்கி நான் உட்காரும்போது ஒன்பதரை, பதினொன்றரைக்கு மூட வேண்டும். அதனால் அவர் சொல்வதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். ஆனால் அவர் கேட்கிற அமைப்பை நான் அப்படியே வைத்து விளையாடிப் பார்த்துவிட்டேன், மூன்று மடங்கு, போர்ட்டல் திறப்பு இரண்டும். என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

வால்ஹெய்மில் வெட்டிய செம்புப் பாறை திரும்ப முளைக்காது. காலி செய்த கல்லறையிலும் இரும்பு மறுபடி வராது. இதுதான் உங்களை வீட்டிலிருந்து கிளப்புகிற விஷயம். பக்கத்துச் சதுப்பு தீர்ந்ததும் அடுத்த தீவைத் தேடிப் போவீர்கள், போகிற வழியில் ஒரு சமவெளி கண்ணில் படும், கொசு கடித்துச் சாவீர்கள், பிணத்தை எடுக்கத் திரும்பிப் போவீர்கள், அங்கே ஒரு சின்னத் துறை கட்டுவீர்கள். மூன்று மடங்கு என்றதும் எனக்கு ஒரே ஒரு சதுப்பு போதுமானதாகிவிட்டது. இரண்டாவது சதுப்பை நான் பார்க்கவே இல்லை. போர்ட்டல் வழியாக இரும்பு வந்ததால் கப்பல் கட்டினேன், ஆனால் அது துறையிலேயே கிடந்தது. ஐந்து வாரத்தில் எல்லா பாஸையும் அடித்து முடித்தேன். இன்றைக்கு அந்த உலகத்தில் எந்த இடத்தில் எது இருந்தது என்று கேட்டால் எனக்கு ஒன்றும் நினைவில்லை. உங்கள் படகுக் கதை 2021-இல் நடந்தது, காற்று எந்தப் பக்கம் திரும்பியது என்பதுவரை எழுதுகிறீர்கள்.

அதனால் என் கருத்து இது. போர்ட்டலைத் தொடாதீர்கள். கடல் என்று ஒன்று அந்த விளையாட்டில் இருப்பதே அந்த ஒரு விதியால்தான். வளத்தை வேண்டுமானால் ஒரு படி ஏற்றுங்கள், 1.5 மடங்கு, அதற்கு மேல் வேண்டாம். அது பாறைக்கு முன்னால் நிற்கிற நேரத்தைத்தான் குறைக்கும், பயணத்தைக் குறைக்காது. பாதியில் மனசு மாறினால் அமைப்பையும் மாற்றிக்கொள்ளலாம், உலகத்தைத் தேர்ந்தெடுக்கிற இடத்திலேயே இருக்கிறது, புது உலகம் தொடங்க வேண்டியதில்லை. இதை உங்கள் பாயான் லெப்பாஸ் நண்பரிடம் சொல்லுங்கள், ஒருவேளை இறங்கி வருவார்.

உலைக்கு முன்னால் நிற்காதீர்கள். மூன்று உலை கட்டி நிரப்பிவிட்டு மான் வேட்டைக்குப் போங்கள். செம்புப் பாறையை மேலிருந்து கொத்தாமல், சுற்றி இருக்கிற மண்ணை எல்லாம் தோண்டி எடுத்து, பாறை எங்கேயும் தரையைத் தொடாதபடி செய்துவிட்டால் மொத்தமும் ஒரே நேரத்தில் உடைந்து கொட்டும். நாலு பேர் நாலு பக்கம் தோண்டினால் பார்க்கவே அழகாக இருக்கும்.

---

ஜார்ஜ்டவுன்_நிலா (பினாங்கு)

அண்ணன் சொன்னதில் முக்கால்வாசி எனக்குச் சம்மதம். ஆனால் அமைப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த 60 வெண்கலக் கணக்கைப் பார்க்க வேண்டும். தம்பி, அந்த 60 உங்களுக்குத் தேவையே இல்லை.

வெண்கலக் கவசம் முதல் தடவை விளையாடுகிறவர் செய்கிற செலவு. இரண்டாம் தடவை வருகிறவர் ட்ரோல் என்ற ராட்சத மிருகத்தை வில்லால் தூரத்திலிருந்து அடித்து, அதன் தோலில் உடுப்புத் தைத்துப் போட்டுக்கொண்டு நேராகச் சதுப்புக்குப் போகலாம். ட்ரோல் உடுப்புக்கு ஒரு துண்டு உலோகம் வேண்டாம், உலை வேண்டாம், எடையும் குறைவு. வெண்கலம் எதற்கு வேண்டுமோ அதற்கு மட்டும் செய்யுங்கள்: நல்ல மரம் வெட்ட ஒரு கோடாரி, விவசாயத்துக்கு ஒரு கருவி, படகுக்கு 80 ஆணி. ஒரு வெண்கலத்தில் 20 ஆணி வரும், ஆக படகுக்கு நாலே வெண்கலம். சண்டைக்கு ஆளுக்கு ஒரு ஆயுதம் என்று வைத்தாலும் உங்கள் கணக்கில் பெரிய பகுதி காணாமல் போகிறது, எந்த அமைப்பையும் தொடாமலே. ட்ரோலைக் கிட்ட நெருங்கி அடிக்கப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

நான் இப்படிப் பார்ப்பேன். ஒரு விளையாட்டில் நாம் சேர்த்தது இரண்டு இடத்தில் இருக்கும், பெட்டியில் கொஞ்சம், தலையில் கொஞ்சம். உங்கள் ஹார்ட் டிஸ்க் போனபோது பெட்டி போய்விட்டது. தலையில் இருக்கிறது உங்களோடுதான் இருக்கிறது. அது புது உலகத்தில் உங்களுக்கு வழியைச் சுருக்கித் தருகிறதா, இல்லை எவ்வளவு தெரிந்திருந்தாலும் அதே 120 செம்பைத்தான் வெட்ட வைக்கிறதா? நான் ஒரு விளையாட்டைத் திரும்பத் தொடங்கலாமா என்று யோசிக்கும்போது இதைத்தான் பார்க்கிறேன். தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் ஒரே தூரம் என்றால் அதைத்தான் நான் கிரைண்ட் என்பேன்.

டோன்ட் ஸ்டார்வ் டுகெதர் என்ற உயிர்பிழைக்கிற விளையாட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. என் தங்கச்சியும் நானும் அதைத்தான் அதிகம் விளையாடியிருக்கிறோம். இலையுதிர் காலம் 20 நாள், அப்புறம் 15 நாள் குளிர். முதல் தடவை அந்த 21-ஆம் நாள் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. திரை ஓரத்தில் பனி படரத் தொடங்கியது, தங்கச்சி "அக்கா, என் ஆள் நடுங்குது" என்றாள். கையில் ஆறு கேரட்டும் ஒரு தீப்பந்தமும். விறகு சேர்க்க ஓடினோம், பந்தம் அணைந்தது, இருட்டில் ஏதோ ஒன்று அடித்தது, இரண்டு பேரும் அதே இரவில் முடிந்தோம். இரண்டாம் தடவை 15-ஆம் நாளிலிருந்தே சூட்டுக்கல் செய்துவைத்தோம், எருமைக் கூட்டம் எங்கே மேய்கிறது என்று பார்த்து முடி எடுத்தோம், இறைச்சியைக் காயப்போட்டோம். வசதியாக உட்கார்ந்திருந்தோம், அப்போதுதான் ஒற்றைக் கண்ணோடு டீர்க்ளாப்ஸ் வந்து வீட்டையே மிதித்துவிட்டுப் போனது. மூன்றாம் தடவை அதையும் வீட்டிலிருந்து தள்ளிக் கூட்டிப்போய் அடித்தோம். ஒவ்வொரு தடவையும் பெட்டி காலிதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் நாங்கள் வேறு ஆட்கள்.

இதற்கு நேர் எதிர் சப்நாட்டிகா, கடலுக்கடியில் நடக்கிற விளையாட்டு. 2018 ஜனவரியில் முழுதாக வந்தது, வந்த வருஷமே விளையாடினேன், என் வாழ்க்கையில் இவ்வளவு பயந்து எந்தத் திரைக்கு முன்னாலும் உட்கார்ந்ததில்லை. அந்தக் கடல் கையால் செய்த ஒரே வரைபடம், யார் விளையாடினாலும் அதே பள்ளம், அதே குகை. இரண்டாம் தடவை போனபோது எந்த ஆழத்தில் எது கிடக்கும் என்று தெரியும், ரீப்பர் என்ற கடல் ராட்சதனின் சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியும். டைட்டானியம் பொறுக்குவது வெறும் கடைச் சாமான் பட்டியல் மாதிரி ஆகிவிட்டது, ஒரு மணி நேரத்தில் மூடிவிட்டேன். இதை நான் குறையாகவே சொல்லவில்லை. சில விளையாட்டு ஒரு தடவைக்குத்தான். உங்கள் நாலு பேரில் யாராவது அதை இன்னும் விளையாடவில்லை என்றால் அவருக்கு யாரும் எதையும் சொல்லிவிடாதீர்கள், தனியாக, ராத்திரியில், ஹெட்செட் போட்டு விளையாடச் சொல்லுங்கள்.

---

நீர்வீழ்ச்சி_சாலை (பினாங்கு)

நான் கல்லூரியில் படிக்கிறேன், ரஸ்ட் என்ற, மற்ற ஆட்களோடு மோதுகிற ஆன்லைன் விளையாட்டை இரண்டு வருஷம் விடாமல் விளையாடினேன். அதில் ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை வரைபடம் துடைக்கப்படும், எல்லா சர்வருக்கும் அதே கதிதான். கையில் ஒரு கல்லோடு எல்லாரும் ஒரே கோட்டிலிருந்து தொடங்குவார்கள். துடைத்த முதல் இரவு மாதிரி ஒரு இரவு எந்த விளையாட்டிலும் கிடையாது, நிஜமாகச் சொல்கிறேன், சிங்கப்பூர் சர்வரில் நம் ஊர்க்காரர்கள் குரலே நிறையக் கேட்கும். ஆனால் அண்ணன்களே, அது சனிக்கிழமை மட்டும் வருகிறவர்களுக்கு ஆகாது. நீங்கள் வேலைக்குப் போயிருக்கும்போது சுவரை உடைத்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். பரீட்சை வாரத்தில் ஒரு தடவை எனக்கு அப்படி நடந்தது, மூன்று நாள் வெட்டிச் சேர்த்தது ஒரே காலையில் போனது, அதோடு நிறுத்திவிட்டேன். நாலு பேர் மட்டும் இருக்கிற தனி உலகமே உங்களுக்குச் சரி.

---

புக்கிட்_ஜாலில்_77 (கோலாலம்பூர்)

நிலா அக்கா சொன்ன தலை, பெட்டி விஷயம் நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில்தான் எனக்கு வேறு கருத்து. சப்நாட்டிகாவில் வரைபடம் மாறாததால்தான் திரும்ப விளையாட முடியவில்லை என்று எடுத்துக்கொண்டால் தப்பாகிவிடும். ஜாம்பிகளுக்கு நடுவில் உயிர்பிழைக்கிற புராஜெக்ட் சோம்பாய்டைப் பாருங்கள். அதன் வரைபடமும் மாறாது, கென்டக்கியில் அதே மல்ட்ராக், அதே ரோஸ்வுட், அதே வெஸ்ட் பாய்ன்ட். எந்தத் தெருவில் போலீஸ் நிலையம், எங்கே புத்தகக்கடை என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வரும். ஆனாலும் இருபது தடவைக்கு மேல் புதிதாகத் தொடங்கியிருக்கிறேன். இடம் தெரிந்தால் போதாது, அங்கே போய்ச் சேர வேண்டும், அது ஒவ்வொரு தடவையும் வேறு. நடுவில் எத்தனை ஜாம்பிகள் நிற்கின்றன, கார் கிடைத்ததா, பெட்ரோல் இருக்கிறதா. அதற்கு மேல் நீங்கள் யார் என்பதும் மாறும். திருடன் தொழிலை எடுத்தால் சாவியே இல்லாமல் காரைக் கிளப்பிவிடலாம், ஊரைத் தாண்டி ஓடுகிற ஆட்டம் அது. தச்சன் எடுத்தால் வீட்டை அடைத்துக்கொண்டு உட்காருகிற ஆட்டம். கண் மங்கல், பயந்தாங்கொள்ளி என்று குறைகளை வாங்கிக்கொண்டு தொடங்கினால் பழகின தெருவே புதுத் தெருவாகிவிடும்.

மறுபக்கம், விண்வெளியில் கோள் கோளாகச் சுற்றுகிற நோ மேன்ஸ் ஸ்கையில் இரண்டின் 64-ஆவது அடுக்கு எண்ணிக்கையில் கோள்கள். 2016-இல் வந்தபோது வாங்கினேன், அப்புறம் அவர்கள் இலவசமாகக் கொடுத்த அப்டேட்டுகள் அதை எவ்வளவோ நல்ல விளையாட்டாக மாற்றிவிட்டன, மரியாதை உண்டு. ஆனாலும் முப்பதாவது கோளில் இறங்கி அதே லேசரை அதே பாறைமேல் அடிக்கும்போது, கோள் புதுசு, என் கை செய்கிறது பழசு என்று தோன்றியது. இடம் எத்தனை இருக்கிறது என்பது பெரிய விஷயமில்லை. அந்த இடத்தில் நான் செய்யவேண்டிய முடிவு புதுசா என்பதுதான் எனக்கு.

சோம்பாய்டிலும் கிரைண்ட் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். தச்சு வேலை ஏற ஊரில் இருக்கிற நாற்காலி மேசை எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். ஆனால் தெரிந்தவனுக்கு வழி உண்டு: முதல் சில நாள் டிவி ஓடிக்கொண்டிருக்கும், அதில் தச்சு, சமையல் நிகழ்ச்சி வருகிற நேரத்தில் உட்கார்ந்து பார்த்தால் அந்தத் திறமை சும்மா ஏறும். புத்தகத்தை முதலில் படித்துவிட்டு உடைத்தால் பலமடங்கு ஏறும். அப்புறம் கரண்டும் தண்ணீரும் என்றைக்கு நிற்கும் என்று தெரியாது, அதற்குள் எத்தனை சட்டியில் தண்ணீர் பிடித்தாய் என்பதில் இருக்கிறது வாழ்வு. நாலு பேர் சேர்ந்தும் விளையாடலாம். வால்ஹெய்ம் அலுத்தால் இதைப் பாருங்கள்.

கையால் வேலை செய்வதே பிடிக்கும் என்கிற ஆள் உங்கள் கூட்டத்தில் இருந்தால் வின்டேஜ் ஸ்டோரி என்று ஒன்று இருக்கிறது. அதில் மண்பானை செய்வது பட்டனை அழுத்துகிற வேலை இல்லை, களிமண்ணை ஒவ்வொரு சின்னக் கட்டமாக வைத்து அடுக்கி, குழியில் விறகு மூடிச் சுட வேண்டும். செம்புக் கட்டி ஒன்றுக்கு 20 துணுக்கு பொறுக்க வேண்டும். கேட்டால் வேலை அதிகம் என்று தோன்றும். ஆனால் முதல் செம்புச் சுத்தியலை அச்சிலிருந்து எடுத்தபோது நான் என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

---

பாயான்லெப்பாஸ்_ஷிப்ட் (பினாங்கு)

வணக்கம். எதையும் தொடக்கூடாது என்று சொன்ன அந்த ஆள் நான்தான். இவன் லிங்க் அனுப்பினான், எல்லாரும் எழுதியதைப் படித்தேன். பத்துமலை அண்ணனுக்கும் நிலா அக்காவுக்கும் நன்றி, ட்ரோல் தோல் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

நான் ஏன் பிடிவாதமாக இருக்கிறேன் என்று இவன்களுக்கும் சரியாகச் சொன்னதில்லை, இங்கேயே எழுதிவிடுகிறேன். பாஸ் அடிக்கும்போது யாரும் பேசுவதில்லை. "பின்னாடி போ", "சாப்பாடு போடு", அவ்வளவுதான் பேச்சு. பேச்சு வருவது செம்பு வெட்டும்போதுதான். கை பாட்டுக்குக் கொத்திக்கொண்டிருக்கும், கண் பாட்டுக்குத் திரையில் இருக்கும், வாய் சும்மா இருக்காது. 2021-இல் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது உள்ளே போய்ப் பார்க்க விடவில்லை. ஒரு ராத்திரி நாலு பேரும் ஒரு பெரிய பாறையைச் சுற்றித் தோண்டிக்கொண்டிருந்தோம், அப்போதுதான் அதை நான் இவன்களிடம் சொன்னேன். போன் எடுத்து, "மச்சான், அப்பாவுக்கு முடியலடா" என்று என்னால் சொல்லியிருக்க முடியாது. அங்கே சொல்ல வந்தது. யாரும் வெட்டுவதை நிறுத்தவில்லை, நிறுத்தியிருந்தால் நான் மேலே பேசியிருக்க மாட்டேன். டக் டக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது, நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்பா தேறி வந்துவிட்டார், இப்போது நன்றாக இருக்கிறார்.

அதனால் எனக்கு அந்த நேரம் வீண் நேரமாகவே பட்டதில்லை. தனியாக விளையாடும்போது ஐந்து நிமிடத்தில் சலித்தது என்று இவன் எழுதியிருக்கிறான், ஆமாம், தனியாக வெட்டினால் எனக்கும் சலிக்கும். வாரத்துக்கு மூணு மணி நேரம்தான் என்கிறவன் பேச்சும் நியாயம், அவனுக்குக் கைக்குழந்தை, அது எனக்குத் தெரியும். 1.5 என்றால் எனக்குச் சம்மதம். போர்ட்டல் மட்டும் வேண்டாம்.

---

பாகான்_லுவார் (பட்டர்வொர்த்)

மச்சான், அந்த ராத்திரி எனக்கு நினைவிருக்கிறது. பாறை எது என்றுகூட நினைவிருக்கிறது, ஆற்றோரம் ட்ரோல் குகைக்குப் பக்கத்தில் இருந்தது.

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று நாலு பேரும் பேசிவிட்டோம். வளம் 1.5, போர்ட்டல் பழையபடியே, மற்ற எதையும் தொடவில்லை. வெண்கலக் கவசம் கிடையாது, ட்ரோல் தோல்தான், அக்கா சொன்னபடி. கோலாலம்பூர்காரன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: அவன் வர முடியாத சனிக்கிழமையில் நாங்கள் பாஸ் அடிக்கக்கூடாது, தாது மட்டும் வெட்டி வைக்கலாம். அது நல்ல ஏற்பாடு என்று பட்டது. இந்தத் தடவை உலகத்தின் நகலை வாராவாரம் சிங்கப்பூர்காரன் கணினியிலும் போட்டு வைக்கிறோம்.

ஒரு சந்தேகம் பாக்கி. வால்ஹெய்மில் ஆளும் உலகமும் தனித்தனி என்பதால் பழைய ஆளைப் புது உலகத்துக்குக் கொண்டுவரலாம். என் ஆள் ஹார்ட் டிஸ்க்கோடு போய்விட்டான், ஆனால் மற்ற மூன்று பேரிடமும் பழைய ஆள் இருக்கிறது, திறமையெல்லாம் ஏறியபடி. அவர்கள் அதையே கொண்டுவரலாமா?

---

பத்துமலை_அடிவாரம் (கோலாலம்பூர்)

வேண்டாம் தம்பி. எல்லாரும் புது ஆளாகவே வாருங்கள். பையில் இரும்புக் கத்தியோடு ஒருவன் வந்தால் நீங்கள் மான் கொம்போடு நிற்பீர்கள், முதல் ராத்திரியே யாருக்கும் ருசிக்காது. ஓட்டமும் வில்லும் கொஞ்ச நாளில் தானாக ஏறிவிடும். பழைய ஆளைப் பழைய உடுப்போடு அப்படியே விட்டு வையுங்கள், அழிக்காதீர்கள்.

---

பாயான்லெப்பாஸ்_ஷிப்ட் (பினாங்கு)

சரி அண்ணே, புது ஆளே செய்கிறேன். இந்தச் சனிக்கிழமை எனக்கு ஷிப்ட் ஏழு மணிக்கு முடியும், வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு உட்காரப் பத்தேகால் ஆகலாம். டேய், அதுவரைக்கும் குடிசை போடுங்கள், மான் அடியுங்கள், காளான் பறியுங்கள். செம்புப் பாறையில் நான் வரும்வரை யாரும் கை வைக்காதீர்கள்.